இரண்டு விநாடி

இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான்.
சாட்ஸ்வொர்த்தில் அப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள்,
ஒரு கூரையை நடுவில் அறுத்து
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தனபாலன் மூட்லி.

அவர் டிவி என் டிவிக்கு
இரண்டு விநாடி முந்தி ஓடும்.
அவருக்குக் கூரைக் கம்பி, எனக்கு டிஷ்.
சிக்னல் வானம்வரை போய்த் திரும்ப வேண்டுமாம்.
அதனால் என் திரையில் கதவு திறப்பதற்குள்
சுவருக்கு அப்பால் யாரோ அலறி முடித்திருப்பார்கள்.
பயம் எனக்கு முதலில் வரும்,
காரணம் பின்னால் நடந்து வரும்.

ஞாயிற்றுக்கிழமை இரவுப் படம். டிவிக்கென்றே எடுத்தது.
எங்கே விளம்பரம் வரும் என்று பார்த்துப் பார்த்து
நெஞ்சைத் திடுக்கிட வைப்பார்கள்.
ஒருத்தி திரைச்சீலையை ஒற்றை விரலால் விலக்கி
எதிர்வீட்டைப் பார்க்கிறாள்.
எதிர்வீட்டுக்காரன் குழி தோண்டுகிறான்.

நான் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அன்று காலை ஆறரைக்கு
மூட்லியும் தோண்டினார்.
கொய்யா மரத்தடி, மழை குடித்த செம்மண்.
நீளம் மூன்றடி இருக்கும்.
சமையலறை ஜன்னலில் நின்று
கழுவிய கோப்பையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு
நான் அளந்தேன்.
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து சீசர் குரைக்கவில்லை.

வியாழக்கிழமையைச் சொல்கிறேன்.
புரட்டாசி. தெருவே விரதம்.
ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி முடித்து வரும் வழியில்
பொரித்த கோழி மூன்று துண்டு வாங்கினேன்.
ஒன்றைக் காரிலேயே,
மற்றதை வீட்டில், விளக்குப் போடாமல், நின்றபடி.
எலும்பைக் குப்பைப் பையில் போட முடியாது.
எதிர்ச்சாரியில் நாத்தனார் கோகி,
பை புடைத்திருப்பதைப் பார்த்தே
உள்ளே என்ன என்று சொல்லிவிடுவாள்.
வேலிக்கு மேலாக எறிந்தேன்.
நல்ல நாய். ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை.

கோழி எலும்பு உடைந்தால் ஊசி என்று
ஒரு நர்ஸுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

திரையில் அவள் மாடிப்படி ஏறுகிறாள்.
யார் செய்தது என்று இப்போது தெரிந்துவிடும்.
கைப்பிடி திரும்புகிறது.
சுவருக்கு அப்பால் அலறல்,
கூடவே மூட்லியின் "ஐயோ!"
ஒன்று,
இர

கரண்ட் போய்விட்டது.
அட்டவணையில் பத்து மணி, பிடுங்கியது ஒன்பது ஐம்பதுக்கு.
இருட்டு மட்டும் இரண்டு வீட்டுக்கும்
ஒரே நேரத்தில் வந்தது.

அவர் நாற்காலி நகர்ந்தது கேட்டது.
செருப்பு. பின்கதவுத் தாழ்ப்பாள்.
டார்ச் வெளிச்சம் என் ஜன்னல் கம்பிகளை
ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டு வந்தது.

"சவுந்தரி, முழிச்சிட்டா இருக்கே?"

இல்லை என்று சொல்ல முடியாத கேள்வி.
இரும்புக் கேட்டுக்கு உள்ளே நான்,
வெளியே அவர்.
நகக்கண்ணில் மண் இன்னும் இருந்தது.

"சீசர் போயிட்டான்."
"அடடா" என்றேன். அது
இரண்டு விநாடி தாமதமாக வந்தது.

"டாக்டர் ஸ்கேன் எடுத்தார்" என்றவர்
மேலே சொல்லவில்லை.
டார்ச்சைத் திருப்பி வேலியை மெல்லத் தடவினார்,
இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை,
பிறகு என் சமையலறைப் பக்கம்.

"படம் பாத்தியா?"
"கடைசி வரல. அதுக்குள்ள கரண்ட் போச்சு."
"என் டிவியில வந்துடுச்சு" என்றார்.
"யாருன்னு எனக்குத் தெரியும்.
சொல்லட்டா?"

தெருவே இருட்டு.
கோகி வீட்டுத் திரைச்சீலை அசைந்த மாதிரி இருந்தது.
"வேணாம்" என்றேன்,
"சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடும்."

கொஞ்ச நேரம் நின்றார்.
கேட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தார்,
சரியாகத்தான் பூட்டியிருக்கிறேனா என்று.
பிறகு போனார்.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் வந்தது.
என் டிவி தானாகவே கத்தத் தொடங்கியது,
ஏதோ சலவைத்தூள் விளம்பரம்.
சுவரில் காதை வைத்தேன்.
அந்தப் பக்கம்
மூச்சு விடும் சத்தம்,
மிக அருகில்.